பாடகர் குழுவின் வேலை சபையைப் பாடவைப்பது

சபையின் இசை ஊழியத்தில் இருப்பவர்களுக்கு எத்தகைய மனநிலை வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் உடனே தாழ்மை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலில் பிழையில்லை. ஆயினும் தாழ்மை என்பது உள்ளத்துக்குள்ளேயே இருந்துவிட்டால், அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பிறர் அறிய முடியாது. பாடுகிறவர்கூடத் தன்னைப் பற்றி எளிதில் ஏமாந்துபோகலாம். மதுரையில் ஒரு சபையின் பாடகர் குழுவில் இளவயது முதல் பாடிவருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டிருக்கும் கருத்து இதுதான்: பாடகர் குழுவின் மனநிலை சரியாக இருக்கிறதா என்று அறிய, அந்தக் குழு எப்படிப் பாடுகிறது என்று கேட்பதைவிட, எதிரே நிற்கும் சபையார் எப்படிப் பாடுகிறார்கள் என்று கேட்பது நல்லது.

எங்கள் ஊர்ச் சபைகளில் இசைக்கான வசதிகள் மிகவும் பெருகியிருக்கின்றன. காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கனும் ஆர்மோனியமும் இருந்த இடத்தில் இன்று கீபோர்டும் கிட்டாரும் டிரம்ஸும் இருக்கின்றன. பாடுகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு மைக் இருக்கிறது. பாட்டின் வரிகள் திரையில் வருகின்றன. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல ஆலயங்களில், முதல் சரணத்துக்குள்ளேயே சபையார் வாய் மூடிக்கொண்டு, முன்னால் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாடத் தெரியாததால் அவர்கள் நிறுத்தவில்லை, அதே மக்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் புத்தகமே இல்லாமல் ஐந்து சரணமும் பாடுகிறார்கள். ஆலயத்தில் அவர்கள் குரல் ஏன் அடங்கிவிடுகிறது என்ற கேள்வியை இசை ஊழியத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேதத்தில் இசை ஊழியத்தின் ஒழுங்கைச் சற்று விரிவாகச் சொல்லும் பகுதி 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரம். தாவீது ராஜா ஆசாப், ஏமான், எதுத்தூன் என்பவர்களின் புத்திரரைப் பாட்டுக்கென்று பிரித்துவைத்தார். கர்த்தரைப் பாடக் கற்றுக்கொண்டு தேர்ந்தவர்களின் தொகை 288. இவர்கள் பன்னிரண்டு பேராக இருபத்து நான்கு வகுப்புகளாய்ப் பிரிந்தார்கள். இரண்டு விவரங்கள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, அவர்கள் கற்றுத் தேர்ந்தவர்கள் என்று வேதமே சொல்கிறது. விருப்பம் இருந்தால் போதும், பயிற்சி வேண்டாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. அதற்குச் சில அதிகாரங்களுக்கு முன்பே, பாட்டில் நிபுணனாய் இருந்ததால் கெனானியா தலைவனாக வைக்கப்பட்டான் என்றும் வாசிக்கிறோம். இரண்டாவது, இப்படிக் கற்றுத் தேர்ந்த பிறகு யார் எந்த முறையில் பாடுவது என்பதைத் திறமையைக் கொண்டு தீர்மானிக்கவில்லை. சிறியவன், பெரியவன், ஆசான், மாணாக்கன் என்ற வேறுபாடில்லாமல் எல்லாரும் சீட்டுப்போட்டார்கள். திறமை கட்டாயம் வேண்டும், ஆனால் அந்தத் திறமையைக் கொண்டு இடத்தைக் கோரக்கூடாது என்ற இரண்டையும் ஒரே அதிகாரம் சேர்த்துச் சொல்கிறது. நமது குழுக்களில் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. பயிற்சிக்கு வராதவர் "ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார்" என்கிறார். நன்றாகப் பாடுகிறவரோ தனிப்பாட்டு தமக்கு வராத வாரத்தில் முகம் வாடிப்போகிறார்.

அந்தப் பாடகர்கள் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டையில் என்ன செய்தார்கள் என்பது 2 நாளாகமம் 5-இல் இருக்கிறது. பூரிகைகளை ஊதுகிறவர்களும் பாடுகிறவர்களும் ஒரே சத்தமாய்க் கர்த்தரைத் துதித்தபோது, மேகம் ஆலயத்தை நிரப்பிற்று. ஆசாரியர்கள் நின்று ஊழியம் செய்யக்கூடாமற் போயிற்று. யோகான் செபஸ்தியான் பாக் தாம் வைத்திருந்த வேதாகமத்தில் இந்த இடத்தின் ஓரத்தில், பக்தியோடு இசைக்கும் இடத்தில் தேவன் தம் கிருபையோடு எப்போதும் பிரசன்னமாயிருக்கிறார் என்ற பொருளில் தம் கையால் குறித்து வைத்தார். அத்தனை பெரிய இசைமேதை அந்த வசனத்தில் நின்றுவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அங்கே யாருடைய குரல் இனிமையாக இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. ஒரே சத்தமாய் இருந்தது என்றுதான் சொல்கிறது.

இந்த ஒரே சத்தத்தை நாடும் பாரம்பரியம் மதுரைக்குப் புதிதன்று. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் இங்கே வேலையைத் தொடங்கியது. ஆங்கில மெட்டுகளுக்குப் பொருந்தும்படி மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் அன்று சபைகளில் புழங்கின. தமிழ்ச் சொற்களின் குறிலும் நெடிலும் அந்த மெட்டுகளில் இடம் மாறி விழுவதால், பழக்கமில்லாதவர்கள் அவற்றைப் பாடுவது எளிதாக இருந்திருக்க முடியாது. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்ற ஊழியர், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் முதலானோர் இயற்றிய கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் சபைகளின் பயன்பாட்டுக்காக வெளியிட்டார். சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, 1864 வரை வாழ்ந்தவர். எனவே கவிஞர் உயிரோடிருக்கும்போதே அவருடைய பாட்டுகள் இந்தப் பக்கத்து ஆலயங்களுக்குள் வந்துவிட்டன. கீர்த்தனையின் அமைப்பே சபைக்கு உதவுவது. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்பி வருவதால், எழுத்தறியாதவரும் இரண்டாம் முறை பல்லவி வரும்போது சேர்ந்துகொள்ளலாம். சரணங்களை முன்னே பாடுகிறவரிடம் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடலாம்.

பின்னாளில் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, கீர்த்தனையும் போதாது என்று கருதினார். பறட்டை அண்ணன் என்று மக்கள் அன்போடு அழைத்த அவர், 2005-இல் மறையும்வரை, கிராமத்து மக்களின் சொந்த மெட்டுகளிலும் அவர்களுடைய பேச்சுத் தமிழிலும் ஆராதனைப் பாட்டுகளை உருவாக்கினார். கீர்த்தனைக்கு அடிப்படையான கர்நாடக இசை, பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது, நாட்டார் இசையோ எல்லாரும் கூடிப் பாடத்தக்கது, பாடுகிறவர்களே தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் தக்கது என்பது அவருடைய வாதம். கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அவருடைய எல்லா முடிவுகளும் ஏற்புடையவை அல்ல. என்றாலும், இந்தப் பாட்டை யார் பாட முடியும் என்று அவர் கேட்ட கேள்வியைத் தவிர்த்துவிட்டு எந்தப் பாடகர் குழுவும் பாட்டுத் தேர்வு செய்யக்கூடாது என்று நம்புகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையிலும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், மக்கள் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்வடிவிலும் பங்குபெற வேண்டும் என்று வலியுறுத்தியது. வேறுவேறு வாசல்கள் வழியாக எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். சரியான மனநிலை முதலில் வெளிப்படும் இடம் சுருதி. பாடகர் குழுவின் முன்னணிக் குரலுக்கு எது நன்றாக அமைகிறதோ அந்தக் கட்டையில் (ஒரு கட்டை என்றால் ஸி, இரண்டு கட்டை என்றால் டி என்று சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாட்டை வைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. ஒலிப்பதிவில் ஒரு பாடகர் உச்சத்தில் பாடியிருந்தால், அந்தச் சுருதியையே ஆலயத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆனால் சபையில் நிற்பவர்கள் குரலைப் பழக்காதவர்கள். ஆண்களும் பெண்களும் ஒரு ஸ்தாயி வித்தியாசத்தில் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். மேல் ஸ்தாயி டி என்ற ஸ்வரத்துக்கு மேலே மெட்டு போய் நின்றால், பலர் வாயசைப்பதோடு நின்றுவிடுவார்கள். சரணத்தில் மேல் காந்தாரம் (ச ரி க என்பதில் வரும் க) வரை ஏறும் ஒரு கீர்த்தனையை இரண்டு கட்டையில் வைத்தால், அந்தக் காந்தாரம் எஃப் ஷார்ப்புக்குப் போய்விடும். முன்னால் நிற்கும் உயர்ந்த பெண்குரல்களாகிய சோப்ரானோக்கள் அதை எளிதாகத் தொடுவார்கள், சபை தொடாது. அதே கீர்த்தனையைக் கீழ் ஸ்தாயியின் ஆறரைக் கட்டைக்கு இறக்கினால் காந்தாரம் மேல் டி-யில் வந்து நிற்கும். சபை முழுவதும் அங்கே ஏறும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துவது நொடி நேர வேலை. அந்தப் பொத்தானை அழுத்தும்போது, தன் குரல் மிக அழகாக ஒலிக்கும் இடத்தை ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். தாழ்மை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான செயல் விளக்கம் எனக்குத் தெரியாது.

உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் குழு போயிருந்தபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மாலை ஆராதனையில் ஒரு பழைய கீர்த்தனையை மூன்று கட்டையில் தொடங்கினோம். இரண்டாம் சரணத்தில் மின்சாரம் போய்விட்டது. கீபோர்டும் மைக்குகளும் அடங்கின. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் மட்டும் நிறுத்தவேயில்லை. கையால் தாளம் தட்டிக்கொண்டு அடுத்தடுத்த சரணங்களைப் பாடிக்கொண்டே போனார்கள். அதுவரை எங்கள் ஸ்பீக்கர் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காமலிருந்த குரல்கள் அவை. பாடப் பாடச் சுருதி மெல்ல இறங்கி ஒரு கட்டையில் வந்து நிலைத்தது. அதற்குப் பிறகு இறங்கவில்லை. அதுதான் அவர்களுடைய இடம். ஜெனரேட்டரைப் போட்டு மின்சாரம் வந்ததும், கீபோர்டு வாசித்த எங்கள் தம்பி அவர்களைப் பழைய சுருதிக்கு இழுக்கவில்லை. மெதுவாக ஒரு சுரத்தைத் தொட்டுப் பார்த்து, ஒரு கட்டைக்கு மாற்றிக்கொண்டு, அவர்களுடைய குரலுக்குக் கீழே வாசிக்கத் தொடங்கினான். ஆராதனை முடிந்தபின் ஒரு பாட்டியம்மா அவனிடம், "எய்யா, நீ கடைசியில வாசிச்சது எங்களுக்குப் பாடத் தோதா இருந்துச்சு" என்றார்கள். அவனுடைய விரல்களின் திறமையைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஒரு சபை இசைக்கலைஞனுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு அதுவென்று நான் நினைக்கிறேன்.

ஒலியின் அளவும் இதே வகையைச் சேர்ந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761-இல் சபையாருக்குப் பாடுவதைப் பற்றிச் சில விதிகள் எழுதினார். உற்சாகமாய், பாதி உறக்கத்தில் இருப்பவர்களைப்போல் அல்லாமல் பாடுங்கள் என்று சொன்ன அவரே, சபையின் குரலுக்கு மேலாகத் தனித்துக் கேட்கும்படி கத்தாதீர்கள் என்றும் சொன்னார். மைக்கும் மிக்ஸரும் இல்லாத காலத்து அறிவுரை இன்று இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. பக்கத்தில் நிற்பவரின் குரல் ஒருவருக்குக் கேட்கவில்லையென்றால் அவர் தனியாகப் பாடுவதாக உணர்கிறார். தனியாகப் பாடுவதாக உணர்கிறவர் வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறார். ஆகவே மிக்ஸர் முன் உட்காரும் சகோதரரும் இசை ஊழியரே. கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியங்களையும் நிறுத்திவிட்டுச் சபையை மட்டும் பாடவிடுவது, எங்கள் ஆலயத்தில் நன்மை பயத்திருக்கிறது. சரணங்களுக்கு நடுவே நீண்ட இடையிசை வாசிப்பதை நான் விரும்புவதில்லை. எங்கே மறுபடி எடுப்பது என்று தெரியாமல் சபை தடுமாறுகிறது.

தயாரிப்பைப் பற்றி நான் கண்டிப்பான கருத்துடையவன். "வாத்தியங்களை நேர்த்தியாய் வாசியுங்கள்" என்று 33-ஆம் சங்கீதம் கட்டளையிடுகிறது. சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்கு வந்து, தன் பகுதியை அதற்கு முன்பே வீட்டில் பாடிப் பார்த்திருப்பவர், குழுவில் உள்ள மற்ற எல்லாருடைய நேரத்தையும் மதிக்கிறார். பயிற்சியில் மெட்டைத் தொடங்குவதற்கு முன் பாட்டின் வரிகளை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கொயர் மாஸ்டர் வைத்திருக்கும் ஒழுங்கு. "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் எழுதியது அப்போதுதான் நிறைவேறும். எங்கே மூச்சு எடுத்தால் வாக்கியம் உடைந்து பொருள் மாறிவிடும் என்பதும் வாசிக்கும்போதுதான் தெரியவரும். ஆயரிடம் முன்கூட்டியே பிரசங்க வசனத்தைக் கேட்டுப் பாட்டுகளைத் தேர்வதும் இதில் அடங்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்து ஞாயிறு ஒன்றில், புதிதாகக் கற்ற துள்ளலான பாட்டைப் பாடிக்காட்டும் ஆசையை அடக்கிக்கொள்வதற்கும் மனநிலை வேண்டும்.

உள்ளே இருக்கும் போராட்டத்தை நான் எளிதாக எண்ணவில்லை. பரிசுத்த அகுஸ்தீன், பாட்டின் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகமாய் அசைத்த வேளைகளைப் பாவமென்று அறிக்கையிட்டார். இருந்தும், தாம் விசுவாசத்துக்குள் வந்த நாட்களில் சபையின் பாட்டைக் கேட்டுச் சிந்திய கண்ணீரை நினைத்து, ஆலயத்தில் பாடும் வழக்கம் இருக்கட்டும் என்றே முடிவு செய்தார். பாடுகிறவர்களாகிய நாம் அந்த ஆபத்துக்கு இன்னும் அருகில் நிற்கிறோம். அதுபோலவே, குழுவுக்குள் எழும் மனத்தாங்கல்களும் மெய்யானவை. பெரிய வெள்ளிக்கிழமை ஏழு வார்த்தைகள் ஆராதனையில் யாருக்குத் தனிப்பாட்டு, கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் யார் முன்வரிசை என்பதில் தொடங்கி, ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே இருக்கையில் உட்கார்ந்து பாடும் நிலைவரை போனதைப் பல சபைகளில் கண்டிருக்கிறேன். சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னார். நம்முடைய காணிக்கை பாட்டு. அதையும் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸ் மூலமாகத் தேவன் சொன்னபோது, நியாயமில்லாத வாழ்வோடு பாடியவர்களைத்தான் கண்டித்தார். நல்ல சுருதியில் பாடியது அவர்களைக் காப்பாற்றவில்லை.

எங்கள் குழுவில் நெடுங்காலம் டெனர் (ஆண்குரல்களில் உயர்ந்த பாகம்; தாழ்ந்தது பேஸ்) பாடிய ஒரு பெரியவர் இருக்கிறார். ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபா குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாடக்கூடியவர். வயதினால் மேல்ஸ்வரங்கள் நடுங்கத் தொடங்கியபோது, அவரிடம் யார் இதைச் சொல்வது என்று எல்லாரும் தயங்கிக்கொண்டிருந்தோம். ஒரு பயிற்சியன்று அவரே கொயர் மாஸ்டரிடம் வந்து, "எனக்கு இனிமே மேல எட்டாதுப்பா. நான் பேஸ்ல ஓரமா நின்னுக்கிறேன், அந்தப் பயலை என் இடத்துல நிறுத்துங்க" என்றார். "ஐயா, நீங்க இருக்கணும்" என்று மாஸ்டர் சொன்னதற்கு, "இருக்கத்தான போறேன், எங்க போறேன்?" என்றார். இப்போது பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சோல்ஃபா கற்றுக்கொடுக்கிறார். ஆசானும் மாணாக்கனும் சேர்ந்து சீட்டுப்போட்டார்கள் என்ற வசனத்தை வாசிக்கும்போது எனக்கு அவருடைய முகம்தான் நினைவுக்கு வருகிறது.

சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இசைக்கலைஞருக்குச் சபை ஊதியம் கொடுப்பதில் தவறில்லை. லேவியர் தசமபாகத்தால் பிழைத்தார்கள். ஆனால் ஊதியம் பெறுகிறவரும் பாட்டு முடிந்ததும் வெளியே போய் நிற்காமல், பிரசங்கத்தைச் சபையோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். நேரலைக் கேமராவைப் பார்த்துப் பாடுவதை நிறுத்த வேண்டும். படுக்கையிலிருக்கும் ஒரு முதியவருக்கு அந்த நேரலை பேருதவி என்பதை அறிவேன், அவருக்காகவாவது திரையில் சபையையும் காட்டலாம்.

வருகிற லெந்து காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கீர்த்தனையை வாத்தியமும் மைக்கும் இல்லாமல் பாட ஆயரிடம் அனுமதி கேட்டோம். அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்து, பாடகர் குழுவினர் அந்த ஒரு பாட்டுக்கு முன்வரிசையை விட்டு இறங்கி, தங்கள் குடும்பத்தாரோடு இருக்கைகளில் நின்று பாடலாமே என்றும் யோசனை சொன்னார். சிலருக்கு இதில் தயக்கம் இருக்கிறது. நான்கு பாகமும் சிதறிவிடும் என்கிறார்கள். சிதறினாலும் பாதகமில்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். பாட்டுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டையைக் குறிக்கும் வேலையை இந்த வாரம் தொடங்கியிருக்கிறோம்.